முதலில் அந்த மொட்டைப் பைப்பைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறோம். அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் ஏலத்தில் எடுத்த பழைய ஆமி லொறி ஒன்று பன்னிரண்டு வருசமாகக் காணிக்குள் நிற்கிறது. பெட்போட் ஆர்.எல். என்கிறார்கள். கபின் கூரையில் வட்ட மூடி இருக்கிறது. அப்பா பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஆறு சிலிண்டர் பேர்கின்ஸ் 6.354 டீசல் போட்டார். பின்பெட்டியை வெட்டி, பாலைப் பலகையில் தட்டு அடித்து நெல்லும் கச்சானும் ஏற்றினார். பின்னுக்கு இரட்டைச் சில்லு 9.00-20, முன்னுக்கு பழைய 11.00-20. முன் சில்லுக்குப் போகிற சாவ்ட் கழற்றிய நிலையில் கொட்டிலில் கிடக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கடைசிக் காலத்தில் காலையில் ஸ்டார்ட் வரும், சூட்டில் நிறுத்தினால் திரும்ப வராது. கபினுக்குப் பின்னால் செசி வெடித்து, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்திருக்கிறது. பிரேக் பூஸ்டரிலிருந்து பெருவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் பைப், வாயில் மரக்கட்டை அடித்தபடி தொங்குகிறது. அது என்ன? அண்ணா ட்ரக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம் என்கிறார். பழைய பெற்றோல் எஞ்சினைத் தேடிப் போடுவது நல்லதா? வாற காலபோக வெட்டுக்கு 65 கிலோ மூட்டை நூறு ஏற்றலாமா?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: அண்ணாவிடம் சொல்லி அந்தக் கயிற்றை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருசம் நின்ற டீசலை இழுத்து ஸ்டார்ட் பண்ணப் போனால் எஞ்சின் ஒரே நாளில் முடிந்துவிடும். புகைக்குழாய் வழியாக ஒரு மாரி மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி நின்றாலே போதும். தண்ணீர் அமுங்காது, ட்ரக்டரோ விடாமல் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் கொனெக்டிங் ரொட் வளையும். வால்வு ஒட்டியிருந்தால் புஷ் ரொட் வளையும். பிஸ்டன் வளையம் கறள் பிடித்திருந்தால் அதுவும் உடையும். இதையெல்லாம் தாண்டி எஞ்சின் உண்மையாகவே ஸ்டார்ட் வந்துவிட்டால் இன்னும் சங்கடம். அந்த லொறிக்குச் சரியான பிரேக் இல்லை.

நீங்கள் என்னவென்று கேட்ட மொட்டைப் பைப் இதைத்தான் சொல்கிறது. பெற்றோல் எஞ்சினுக்குள் போகிற காற்றை ஒரு தகடு மறித்துக் கொண்டிருக்கும். அதனால் மானிஃபோல்டுக்குள், அதாவது அந்தக் காற்று போகிற குழாய்க்குள், எந்நேரமும் உறிஞ்சல் இருக்கும். பிரேக் பூஸ்டர் அந்த உறிஞ்சலை வாங்கித்தான் உங்கள் காலுக்குக் கை கொடுக்கும். டீசலில் அந்தத் தகடு கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. எஞ்சினை மாற்றியவருக்குப் பைப்பைக் கொழுவ இடம் கிடைக்கவில்லை. காற்று இழுக்காமல் இருக்கக் கட்டையை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றையிலிருந்து அப்பா அந்த லொறியை வெறும் கால் பலத்தில்தான் நிறுத்தி வந்திருக்கிறார். கிறவல் றோட்டில் மெதுவாக ஓடியதால் தப்பியிருக்கிறது. இன்றைய முல்லைத்தீவு வீதியில் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால் தப்பாது.

இப்படியான மாற்றுலொறிகளில் வயதால் வருகிற பழுதை விட, மாற்றியவர் விட்டுப்போன வேலையால் வருகிற பழுதே கூட. நீங்கள் எழுதிய வெடிப்பு, கழற்றிய சாவ்ட், இரட்டைச் சில்லு, மொட்டைப் பைப் எல்லாமே அந்த வகைதான். ஆகவே எஞ்சின் கடைசியில். பிரேக், செசி, சில்லு மூன்றும் அதற்கு முதல். எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் அவசரம் வந்துவிடும், மற்ற வேலை எதுவும் நடக்காது.

ஸ்பனர் எடுக்க முதல் இரண்டு காரியம். லொறி போர்க்காலத்தில் இந்தக் காணியில்தான் இருந்ததா, அதைச் சுற்றிய நிலம் துப்புரவாக்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. சீற்றுக்குக் கீழே, டீசல் தாங்கிக்குப் பின்னால், தட்டுக்கும் செசிக்கும் இடையில், சில்லைச் சுற்றிய பற்றைக்குள் எல்லாம் முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். அறியாத இரும்பு, கம்பி, பிளாஸ்டிக் எது கண்டாலும் கை வைக்க வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். தள்ளி வந்து 119க்கு அல்லது உங்கள் பகுதியில் கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஜக் வைக்கக் குழி தோண்டுவதும் அதற்குப் பிறகுதான். பாம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மற்றது பதிவுப் புத்தகம். கம்பித் தூரிகையோ கிரைண்டரோ செசியில் படமுதல், அடித்திருக்கிற செசி இலக்கத்தைத் தேடி, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் உரசிப் படி எடுங்கள். கறளோடு சேர்த்து இலக்கத்தையும் அரைத்துவிட்டால் லொறி வெறும் பழைய இரும்புதான். புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் இன்னும் பெற்றோலாகவே கிடந்தால், காசு செலவழிக்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வழி கேளுங்கள். அது சரியானால்தான் பிரதேச செயலகத்தில் வருட வரிப்பத்திரம் எடுக்கலாம்.

பெற்றோல் எஞ்சினைத் தேட வேண்டாம். ஆர்.எல். 1953 முதல் 1969 வரை பிரித்தானிய இராணுவத்துக்காகச் செய்த லொறி. அதன் சொந்த எஞ்சின் 4.9 லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல். காட்சிக்கு நிறுத்துகிறவர்களுக்கு அது சரி. வயலுக்கும் மில்லுக்கும் ஓடுகிற லொறிக்கு அது குடிக்கிற பெற்றோல் கட்டாது. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பேர்கின்ஸ் 6.354 என்பது 354 கன அங்குலம், அதாவது 5.8 லீற்றர். உங்கள் ஊரில் மாசி பேர்குசன் 135 திருத்துகிற எந்த மெக்கானிக்குக்கும் பேர்கின்ஸ் குணம் தெரியும். இன்ஜெக்டருக்கு டீசலை அனுப்ப இரண்டிலும் இருப்பது சி.ஏ.வி. டிபிஏ வகைப் பம்ப். கிளிநொச்சியில் கிடைக்காத சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

இனி பிரேக். பூஸ்டருக்கு உறிஞ்சல் கொடுக்க ஒரு வக்கியூம் பம்ப் வேண்டும். ஜப்பான் சின்ன டீசல் லொறிகளில் அல்ட்டனேற்றரின் முதுகிலேயே வக்கியூம் பம்ப் இருக்கும். பழைய சாமான் கடையில் எடுக்கலாம். எடுக்கும்போது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து எடுங்கள். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில் போய்த் திரும்ப வேண்டும். போகிற ஒயிலை ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிற ஓட்டையில் இங்கிலீஸ் ‘ரி’ எழுத்து வடிவ இணைப்பு (T) ஒன்று போட்டு எடுக்கலாம். திரும்புகிற பைப் அரை அங்குலத்துக்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல் இறக்கமாகவே வந்து, எஞ்சின் அடியில் ஒயில் நிற்கிற சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். திரும்பும் பைப்பைச் சிறிதாக்கினாலோ வளைத்துத் தூக்கினாலோ பம்புக்குள் ஒயில் தேங்கும், சில கிழமையில் பம்ப் போய்விடும். இங்கே அதிகம் பிழைக்கிற இடம் இதுதான்.

பூஸ்டர் பெரிது, பம்ப் சிறிது. ஆகவே இடையில் 10 லீற்றருக்குக் குறையாத ஒரு வக்கியூம் தாங்கியும், ஒருவழி வால்வும் போடுங்கள். வால்வின் அம்பு பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். ரேடியேற்றர் ஹோஸ் போடாதீர்கள், உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். வக்கியூமுக்கென்று வருகிற தடித்த ஹோஸ்தான். பழைய ரப்பர் பைப்பைக் கட்டையோடு சேர்த்துக் குப்பையில் போடுங்கள்.

சரிபார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. எஞ்சின் நின்றிருக்க பெடலை ஐந்தாறு தரம் அமத்தி விடுங்கள். பிறகு காலை அழுத்தி வைத்தபடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் காலுக்குக் கீழே பெடல் ஒரு விரலளவு தானாகத் தாழும். தாழாவிட்டால் உறிஞ்சல் வரவில்லை, அல்லது பூஸ்டருக்குள் தோல் கிழிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் இரண்டு தரமாவது இலேசாகப் பிரேக் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஒருவழி வால்வு கசிகிறது.

பூஸ்டர் மட்டும் போதாது. தடைக் காலத்தில் பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எதை ஊற்றினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து ரப்பர் வோஷரை விரலால் நசுக்கிப் பாருங்கள். ஊறிப் பருத்து, பிசுபிசுவென்று இருந்தால் எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ போயிருக்கிறது. அப்படியானால் ஒரு ரப்பர் விடாமல் நான்கு சில்லிலும் மாற்ற வேண்டும், மூன்று ஹோஸ் உட்பட. இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவி, காற்றடித்துக் காயவிட்டு, டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில் ஊற்றுங்கள். சிலிண்டர் உட்சுவரில் நகம் தட்டுப்படுகிற பள்ளம் இருந்தால் மணல்தாளால் தேய்த்துப் பிரயோசனம் இல்லை, உறை போட்டுக் கடைய வேண்டும். குழாய் மாற்றுகிறவர்கள் குளிரூட்டி வேலைக்கு வருகிற செப்புக் குழாயைச் சுற்றிக் கொடுப்பார்கள், வளைக்கச் சுகம். ஆனால் லொறி அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வெடிக்கும். பிரேக்குக்கென்று வருகிற இரும்புக் குழாய் அல்லது செம்பு-நிக்கல் குழாய்தான் போடுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊத வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

செசி வெடிப்புக்கு வருவோம். ஒட்டிய இடம் பிடித்து நிற்க, அதன் பக்கம் வெடித்தது ஏன்? முன்னர் ஒட்டியவர் வெடிப்பின் மேல் சதுரத் தகடு ஒன்றை வைத்து நாலு பக்கமும் சுற்றி ஒட்டியிருப்பார், போய்ப் பாருங்கள். தகடு இருக்கிற இடம் விறைப்பு, தகடு முடிகிற கோட்டில் செசி திடீரென்று மெலிவு. வரம்பு ஏறி இறங்கும்போது முறுக்கு முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது, அதுவும் செங்குத்தாக ஒட்டி வெந்த இரும்பில். அதோடு உங்கள் பாலைத் தட்டின் முன் நுனியும் யூ போல்ட்டோடு அதே இடத்தில்தான் முடிகிறதென்று நினைக்கிறேன். கபினுக்குப் பின்னால் வெடிக்கிற லொறிகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான்.

முதலில் வெடிப்பு எங்கே முடிகிறதென்று தெரிய வேண்டும். இரும்பு தெரியச் சுத்தமாக்கி, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசுங்கள். வெடிப்புக்குள் நின்ற மண்ணெண்ணெய் சோக்கில் மயிர்க்கோடாக ஊறி வரும். கண்ணுக்குத் தெரிந்ததை விட அந்தக் கோடு ஓரிரு அங்குலம் நீளமாகவே இருக்கும். கோடு முடிகிற இடத்தில் 6 மில்லிமீற்றர் ஓட்டை போட்டால் வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. பழைய தகட்டை அரைத்து எடுத்து, வெடிப்பை வி வடிவில் முழு ஆழத்துக்கும் திறந்து, ஈ7018 வெல்டிங் கம்பியால் ஒட்டி, மேற்பரப்பைச் சமமாக அரையுங்கள். இந்தக் கம்பி ஈரம் இழுத்தால் ஒட்டிலேயே வெடிப்பு வரும். புதுப் பெட்டி உடைத்து அன்றைக்கே பாவிக்க வேண்டும். மழைக்கால வேலைக்கு இது சரிவராது.

பலத்துக்குத் தகடு வைத்தால், செசியின் உட்பக்கம், செசியளவு மொத்தத்தில், வெடிப்பின் இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி நீளத்துக்குக் குறையாமல். தகட்டின் இரு நுனியையும் 45 பாகையில் சரித்து வெட்டுங்கள். நீளப்பாட்டில் ஒட்டலாம், நுனியில் குறுக்கே ஒட்டக் கூடாது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங்கோ ஓட்டையோ வேண்டாம், முழுப் பாரமும் அங்கேதான் நிற்கிறது. கழன்ற ரிவெட்டுக்குப் பதிலாக 8.8 தர போல்ட்டை, ஓட்டையில் அசையாமல் இறுக்கமாக நிற்கிற அளவில் போடுங்கள். தொய்வான ஓட்டையில் போட்ட போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு போகத்தில் ஆடத் தொடங்கும். வெல்டிங் தொடங்க முதல் பற்றரி, அல்ட்டனேற்றர் வயர்களைக் கழற்றிவிட மறக்க வேண்டாம்.

தட்டை இறுக்கி வைத்ததால்தான் செசி வெடித்தது. அதை மாற்றாமல் ஒட்டினால் மூன்றாம் தரமும் வெடிக்கும். இந்த லொறியின் செசி முறுகி வளைவதற்கென்றே செய்தது. தட்டின் கீழ்ச்சட்டத்துக்கும் செசிக்கும் இடையில் 50 மில்லிமீற்றர் மரக்கட்டை ஓடவிட்டு, அதன் முன் நுனியைக் கீழ்ப்பக்கமாக ஒரு அடி தூரத்துக்குச் சீவி விடுங்கள். பின் இரண்டு பிடியும் இறுக்கமாக இருக்கலாம். முன் இரண்டு பிடியின் போல்ட்டிலும் கனத்த ஸ்பிரிங் போட்டு, செசி முறுகும்போது தட்டு ஒரு அங்குலம் எழும்ப இடம் விடுங்கள். யூ போல்ட்டுகளைக் கழற்றினால் செசி விளிம்பில் அவை கடித்த பள்ளங்களைக் காண்பீர்கள். அவற்றையும் வழுவழுப்பாக அரைத்துவிடுங்கள், அடுத்த வெடிப்பு அங்கேதான் காத்திருக்கிறது.

சில்லில் கை வைக்கிற நாளில் ஒரு விதி. ஜக் ஏற்ற முதலே எல்லா டயரிலும் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்குங்கள். இராணுவச் சில்லுகளில் சில, இரண்டு பாதி இரும்பைப் போல்ட் போட்டுச் சேர்த்தவை. சில்லைக் கழற்றுகிறோம் என்று நினைத்து, காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் பாதிச் சில்லு முகத்துக்கு வரும். பின் சில்லின் வளைய றிம்மும் அதே ஆபத்துத்தான். காற்றடிக்கும்போது சங்கிலி சுற்றி, நீண்ட ஹோஸ் பிடித்து, டயரின் ஓட்டப் பக்கமாக நில்லுங்கள், வளையத்துக்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது.

இடப்பக்கச் சில்லு நட்டுகள் இந்த வகை லொறிகளில் எதிர்ச் சுற்று. ஸ்ரட் முனையில் இங்கிலீஸ் ‘எல்’ எழுத்து அடித்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கழற்றுகிறோம் என்று ஆறடிப் பைப் போட்டு இறுக்கி ஸ்ரட்டை முறித்த வேலை எத்தனையோ. அதோடு இது அங்குல லொறி. 13 மில்லிமீற்றர் ஸ்பனர் அரை அங்குல நட்டில் போகும், ஆனால் 12.7க்கும் 13க்கும் உள்ள அந்தத் தொய்வில் கறள் பிடித்த நட்டின் மூலை வழுக்கிப் போய்விடும். அங்குல சொக்கற் செற் ஒன்றை வாங்கவோ இரவல் எடுக்கவோ வேண்டும்.

முன் சாவ்டைக் கழற்றி வைத்தது அப்பாவின் பிழையல்ல, அது கட்டாயம். 11.00-20 டயர் ஒரு சுற்றில் ஓடுகிற தூரத்தை விட 9.00-20 ஏறக்குறைய 6 வீதம் குறைவாக ஓடும். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் வித்தியாசம். நான்கு சில்லும் இழுக்கிறபோது முன்னையும் பின்னையும் கியர் பெட்டி ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கும், அந்த ஆறு மீற்றரை விட்டுக்கொடுக்க உள்ளே எதுவும் இல்லை. ஏதாவது ஒன்று உடையும். ஆகவே நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இரட்டைச் சில்லை வைத்துக்கொண்டு முன் இழுவையை மறந்துவிடுவது, அல்லது நான்கிலும் 11.00-20 ஒற்றைச் சில்லு போட்டுச் சாவ்டைத் திரும்பக் கொழுவுவது. றோட்டு வேலை மட்டும் என்றால் முதலாவது போதும். ஆனால் மாசியில் ஈரம் காயாத வயலுக்குள் இறங்குகிற லொறிக்கு ஒற்றைச் சில்லுதான் என் தெரிவு. பின் சில்லு முன் சில்லு போட்ட தடத்திலேயே வரும், புதுச் சேற்றை வெட்டாது, இரட்டைக்கு நடுவில் கல் சிக்காது. நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். டயரில் சோக்குக் கோடு போட்டு ஒரு சுற்றுத் தள்ளி, நிலத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். தார் றோட்டில் ஏறியதும் முன் இழுவையை எடுத்துவிடுங்கள்.

கழற்றிய சாவ்ட்டின் முட்டிகளை மாற்றாமல் பூட்டாதீர்கள், கொட்டிலில் கிடந்து உள்ளே இருக்கிற ஊசி பெயாரிங்குகள் கறள் பிடித்திருக்கும். கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ், இரண்டு அக்சில் எல்லாவற்றிலும் ஒயிலை வடித்துப் பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர், மினுங்கினால் உலோகம். பழைய பெட்டிகளுக்குள் பித்தளை, வெண்கலப் பாகங்கள் இருப்பதால் கியர் பொக்ஸுக்கு ஜீஎல்-4 தரம் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘இதைவிட நல்லது’ என்று ஜீஎல்-5 தருவார், வேண்டாம்.

இப்போது எஞ்சின். ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து 50 மில்லிலீற்றர் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். அதற்கிடையில் றொக்கர் மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டி, திரும்பி எழும்புகிறதா என்று பாருங்கள். காற்று வாயிலும் புகைக்குழாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதை எடுக்க வேண்டும். பிறகு கிராங் புல்லி நட்டில் கைப்பிடி போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்த பிறகுதான் ஸ்டார்ட்டர். இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றி, 15டபிள்யூ-40 புது ஒயிலில் பிரஷர் ஊசி அசைவதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டர்களைப் பூட்டுங்கள்.

சூட்டில் ஸ்டார்ட் வராத கதைக்கு வருகிறேன். டிபிஏ பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதற்கு ஒயில். மண்ணெண்ணெய் வரண்டது. வருசக்கணக்காக அது ஓடினால் பம்பின் தலையும் சுழலியும் தேய்ந்து இடைவெளி கூடும். குளிரில் எரிபொருள் தடிப்பாக இருப்பதால் சமாளிக்கும். சூடேறினால் இளகி, அந்த இடைவெளியால் நழுவிவிடும், இன்ஜெக்டருக்குப் போதிய அழுத்தம் போகாது. உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை: சூட்டில் நின்று வராதபோது, எஞ்சின் நின்ற நிலையில், பம்பின் மேல் ஈரச்சாக்கைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே வந்தால் தேய்மானம் நிச்சயம். ஓடுகிற பம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இறுகிவிடும். உங்கள் பம்புக்கு இந்தச் சோதனைகூட அவசியமில்லை என்பேன். கழற்றி, டீசல் பம்ப் திருத்துகிற இடத்தில் தலையையும் சுழலியையும் மாற்றி, இன்ஜெக்டரையும் சோதிப்பித்து எடுங்கள். இந்த வேலையில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பிரேக்குக்கு அடுத்து இதுதான்.

முதல் ஸ்டார்ட்டின்போது காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஒருவர் கையில் அரை அங்குலப் பலகை ஒன்று, ஒரு பக்கம் சைக்கிள் ரியூப் ஒட்டியபடி இருக்க வேண்டும். நெடுநாள் நின்ற பம்பில் கட்டுப்பாடு முழுத் திறப்பில் ஒட்டியிருந்தால் எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும், சாவியும் ஸ்டொப் கம்பியும் கேட்காது. பலகையைக் காற்று வாயில் அமத்தினால் நிற்கும். உள்ளங்கையால் மூடப் போகாதீர்கள். ஓடிச் சூடான பிறகு வேலை வேகத்தில் ஒயில் பிரஷர் 30 முதல் 60 பி.எஸ்.ஐ. இருந்தால் எஞ்சினின் அடிப்பாகம் நல்லது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதென்றால் அதேதான் சிலிண்டர் தலையைச் சுற்றியும் பிடித்திருக்கும். லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் சூட்டில் ஓடவிட்டுக் கழுவி, மழைத் தண்ணீரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள். கபினுக்குள்ளேயே எஞ்சின் இருக்கிற லொறி, சூடேறினால் முதலில் தெரிவது ஓட்டுகிறவரின் இடது காலுக்கு. மின்சாரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட், விளக்குக்கு ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் என்று இழுத்திருந்தால் அந்தப் பற்றரி அடிக்கடி செத்துப்போகும், மற்றது பொங்கும். எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெயின்ற் எந்த நிறமும் அடிக்கலாம். ஆமிப் பச்சை மட்டும் வேண்டாம், போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நூறு மூட்டை முடியாது. இது மூன்று தொன் லொறி. 65 கிலோப்படி 46 மூட்டை வந்தால் 2,990 கிலோ, அங்கேயே முடிந்தது. நூறு மூட்டை என்றால் ஆறரைத் தொன். அதிலும் உங்கள் பாலைத் தட்டு 14 அடிக்கு 7 அடி, ஒன்றரை அங்குலப் பலகை என்று வைத்தால் பலகை மட்டுமே 350 கிலோ தேறும். கபினுக்குள் இருக்கிற டீசல் எஞ்சினும் பழையதை விடப் பாரம், முன் ஸ்பிரிங் தகடுகள் தாழ்ந்திருக்கிறதா என்று இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஆகவே வயலுக்குள் 40 மூட்டை, றோட்டில் 45. நூறு மூட்டைக்கு மூன்று நடை.

காலபோக வெட்டு தை, மாசியில். செசி ஒட்டுகிற வேலையை ஐப்பசி மழைக்கு முதல் முடியுங்கள். பம்பை அதே நாட்களில் கழற்றித் திருத்தக் கொடுத்துவிடுங்கள், அது திரும்பி வர நாள் எடுக்கும். பிரேக்கும் சில்லும் கொட்டிலுக்குள் மழையோடு செய்யலாம். முதல் ஓட்டம் வெறும் தட்டோடு காணிக்குள். அடுத்தது 15 மூட்டையோடு குளக்கட்டு ஏற்றத்தில், இறங்கும்போது பிரேக் இழுக்கிறதா என்று பார்க்க. அதற்குப் பிறகு முழுப்பாரம். 50 கிலோமீற்றர் ஓடியதும் ஸ்பிரிங் யூ போல்ட்டையும் எல்லாச் சில்லு நட்டையும் மறுபடி இறுக்குங்கள். இறுக்குகிற ஆளிடம் இடப்பக்கம் எதிர்ச் சுற்று என்பதை அப்போதும் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.